சாணி பூசிய நகைப்பெட்டி

மே 12, செவ்வாய்

வெயில். மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பறித்த பலாப்பழம் முழுவதையும் இவர் முதல் பஸ்ஸில் சோளக்காட்டுச் சந்தைக்குக் கொண்டு போனார். வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, தீப்பெட்டி, அத்தைக்கு வெற்றிலை. வெற்றிலையை மறந்தால் மாமியார் வாயில் நான்தான் மெல்லப்படுவேன்.

மத்தியானம் அரண்மனையம்மா போன். (இனி அ.அம்மா. ஒவ்வொரு முறையும் முழுசாக எழுதக் கை வலிக்கிறது.) இங்கே அவர் பங்களாவில் இருந்தவரை நான்தான் சமையல். போன வருஷம் பங்களாவை விற்றதும் அவர் தங்கை மகன் நாமக்கல் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். எப்போதும் "சாப்பிட்டியா கண்ணு" என்றுதான் ஆரம்பிப்பார். இன்று நேராகப் பெட்டி.

"ஞாயித்துக்கெழம வாரேன். அந்த நகப்பெட்டி பத்திரமா இருக்குதல்லோ?"

"இருக்குதுங்கம்மா."

தங்கை மகன் தன் பெண்ணின் கல்யாணத்தில் அதைச் சீர்த்தட்டுகளுக்கு முன்னால் வைக்க ஆசைப்படுகிறானாம். ஜமீன் வீடு என்று காட்ட வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. பெட்டி பத்திரமாகத்தான் இருக்கிறது. எந்தக் கோலத்தில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 13, புதன்

வெயிலேதான். கோழி ஒன்றைக் காணோம்.

பெட்டி: ஈட்டி மரம். மூலைக்கு மூலை பித்தளை. மூடியின் உள்பக்கம் கண்ணாடி. மேல்தட்டில் மோதிரத்துக்கும் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் சின்னச் சின்ன அறைகள், அடியில் ஆரமும் ஒட்டியாணமும் வைக்கிற பள்ளம். அ.அம்மாவின் பாட்டி கல்யாணத்துக்குச் செய்தது. மலையை விட்டு இறங்கும் அன்று என் கையில் கொடுத்து, "இதுல வெக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. நீ ஒசத்தியா நெனைக்கறத வெச்சுக்க" என்றார்.

என்னிடம் நகை என்றால் தாலிக்கொடி, அது கழுத்தில். தோடு, அது காதில். பிறகு எதை வைப்பது? அதற்கு முந்தின வருஷம் எலி விதைச் சாமையில் பாதியைத் தின்றிருந்தது. "எலிப்பல்லு ஏறாத மரம். வெதய வையி" என்றார் அத்தை. வைத்தேன். மோதிர அறையில் பூசணி விதை, தோட்டு அறையில் அவரை, மூக்குத்தி அறையில் கீரை. பள்ளம் முழுக்கச் சாமை, சாம்பல் கலந்து. பிறகு விதைக்கூடைக்குச் செய்வது போலவே மூடியைச் சுற்றிச் சாணி பூசி அடைத்தாயிற்று. என் கையாலேயே, வழித்து வழித்து. இப்போது காய்ந்து கல். பித்தளை கண்ணில் படவில்லை.

பிரித்துக் கழுவிவிடலாமா என்று அத்தையிடம் மெல்லக் கேட்டேன்.

"மொத மழ உழுகாம வெதயத் தொறப்பியா? இந்த ஊட்டுக்கு நேத்தா வந்த?"

"அரமனையம்மா வர்றாங்க அத்தே."

"வரட்டும். சோறு போடு."

மே 15, வெள்ளி

காற்று மட்டும். ஈரத்துணியால் பித்தளையை மட்டுமாவது துடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அத்தை பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார். எழுந்துவிட்டேன். இவருக்குச் சிரிப்பு. "பட்டுத்துணி போத்தி வெச்சிரு, சாமின்னு நெனச்சுக் கும்புட்டுட்டுப் போயிருவாங்க."

அ.அம்மா எப்படிப்பட்டவர்! மேசையில் ஈர டம்ளர் வைத்தால் புருவம் ஏறும். நான் முதன்முதலில் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "வெந்நி நல்லாருக்குது கண்ணு" என்றவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அதே அம்மாதான் கஞ்சி வைத்துக் கொடுத்தார், அடிப்பிடித்த கஞ்சி. அவருக்கு என்மேல் மனசு விட்டுப்போனால் என்னால் தாங்க முடியாது. பெட்டி போனால் போகட்டும்.

மே 17, ஞாயிறு

வெயில். பச்சரிசிச் சோறு, அவரைப் பருப்பு, பலாக்கொட்டைப் பொரியல். ரசம் இரண்டு தடவை ருசி பார்த்தேன்.

வந்துவிட்டார்கள். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதிலிருந்து அ.அம்மா வளைவுக்கு வளைவு வண்டியை மெதுவாக விடச் சொன்னாராம், தங்கை மகன் முகம் கடுகடு. அ.அம்மா என் கன்னத்தைத் தொட்டு, "எளச்சுட்டியே கண்ணு" என்றார். இளைத்தது அவர். கஞ்சி போட்டுத் தேய்த்த சேலைக்குள் ஆளே இல்லை.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். தங்கை மகன் குனிந்து பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்க பெரியம்மா, இது சாணிங்களா?"

"சாம வெதைங்கம்மா, உள்ள" என்றேன்.

அவர் விரலால் அந்தப் பூச்சைச் சுற்றிலும் தடவினார். "யாரு பூசுனது?"

"நாந்தானுங்க."

"கோணலில்லாமப் பூசியிருக்கற." விரலை எடுக்காமலே, "இதுல இருந்ததயெல்லாம் ஒண்ணொண்ணா வித்துத்தான் தின்னோம். வெதைக்குன்னு எங்கூட்டுல ஒருத்தரும் வெக்கல."

அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

அவன் காரிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்தான். அத்தை குறுக்கே உட்கார்ந்தார். "மழ வந்தாத்தான் தொறக்கறது."

"எப்பங்க வரும்?"

"அத மழகிட்டக் கேளு சாமி."

அ.அம்மா சொன்னார்: "நீ போ. மழ வந்ததும் போன் பண்றேன், கார் அனுப்பு. பெட்டியோட வாரேன்." பிறகு டிக்கியிலிருந்து தன் பையை எடுக்கச் சொன்னார். சேலைகள், மாத்திரைகள், கம்பளி, ஸ்வெட்டர். ஒரு பொழுது வந்து போக இவ்வளவா?

மே 19, செவ்வாய்

தெளிந்த வானம். அ.அம்மாவும் அத்தையும் காலையில் சண்டை, டிவியில் எதைப் பார்ப்பது என்று. மத்தியானம் ஒரே வெற்றிலையை ஆளுக்குப் பாதி. என் ரசத்துக்கு இப்போது "தேவல."

பலாச்சுளை எடுக்கிறேன் என்று உட்கார்ந்து அ.அம்மாவுக்குக் கையெல்லாம் பால். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். அப்போது சொன்னார்: "அங்க எனக்கு ஒரு சன்னலு கண்ணு. தொறந்தா அடுத்த ஊட்டுச் சன்னலு. மலைய நெனச்சா நெஞ்ச அடைக்குது. அவங்க நல்லாத்தான் பாத்துக்கறாங்க."

ஊரே மழைக்கு ஏங்குகிறது. காலையில் வானம் வெளுத்திருந்தால் அ.அம்மா ஒருத்தருக்குத்தான் சந்தோஷம். நிலம் வெடித்துக் கிடக்கிறது, மழை பெய்யட்டும் என்று சாமி கும்பிட நின்றேன். பாதியிலேயே கையை இறக்கிவிட்டேன்.

மே 21, வியாழன்

மழை! சாயங்காலம் திடீரென்று கொட்டிவிட்டது. இவர் மண்வெட்டியோடு வரப்புக்கு ஓட்டம். அத்தை அரிவாளால் சாணியைத் தட்டித் தட்டி உடைத்தார். பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. அ.அம்மா சாமையை ஒரு கை அள்ளிப் பார்த்தார், மறுபடி போட்டார், மறுபடி அள்ளினார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. தங்கை மகன். அவருக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கர்.

"கீழ ஒரே மேகமா இருக்குதுங்க பெரியம்மா. அங்க மழைங்களா? கார் அனுப்பட்டுங்களா?"

தகரக் கூரை அதிர்கிறது. அ.அம்மா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"எங்க சாமி? சுள்ளுனு வெயிலு."

"அப்பறம் என்னங்க அத்தன சத்தம்?"

என் வாயில் முந்தானை. அத்தை அரிவாளைக் கீழே வைத்தார், போனுக்கு நேராகக் குனிந்தார்.

"தகரத்து மேல ராகி காயப் போடறோம் சாமி. நெறையா இருக்குது, முடிய நாளாவும். நீ போன வையி."