கவர்னர் படிக்காத மனு

நேற்று உன் மகன் வந்திருந்தான். நீ போனபின் உன் பெட்டியில் கிடைத்ததாம், மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு தாளைக் கொடுத்தான். பிரித்ததுமே தெரிந்துவிட்டது. ஆங்கில 'ஏ' எழுத்தெல்லாம் வரியை விட்டு எம்பி நிற்கிறது. சேலம் கலெக்டர் ஆபீசில் நாம் இருவரும் மாற்றி மாற்றித் தட்டிய அந்த ஓட்டை டைப் மெஷின்.

ஏரி ஆக்கிரமிப்பு பற்றி நீ எழுதிய குறிப்பை மாற்றச் சொன்னார்கள். மறுத்தாய், வேலை போயிற்று. அரசாங்கத்துக்குச் செய்த மேல்முறையீட்டையும் தள்ளிவிட்டார்கள். அந்த உத்தரவின் கடைசியில் 'கவர்னரின் உத்தரவுப்படி' என்றிருந்தது. அது வெறும் வழக்கம், தாள் அவர் கண்ணுக்கே போகாது என்று ஆபீசுக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நீ. உன் பெயருக்கு வந்ததும் நம்பிவிட்டாய்.

"அவரு பேரச் சொல்லித்தான எடுத்தாங்க? அவரையே கேட்டுப்போடறேன்" என்றாய்.

கவர்னர் வந்த அன்று சூரமங்கலம் ஸ்டேஷனில் சலவைச் சட்டையோடு காலையிலிருந்து நின்றாய். மாலைகளுக்கு நடுவே மனுவை வாங்கினார். "என்னயப் பாத்துத் தலையாட்டுனாருப்பா" என்று நாள் முழுக்கச் சொன்னாய். வாங்கிய கையோடு பக்கத்தில் நின்றவரிடம் அவர் அதைக் கொடுத்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த மனு, சீல் மேல் சீலாக, 'தக்க நடவடிக்கைக்கு' என்று என் மேசைக்கே வந்தது. உன்னை வெளியே அனுப்பிய அதே ஆபீசுக்கு.

"பழைய பதிலையே அடிச்சு அனுப்பீருங்க" என்றார் தலைமைக் குமாஸ்தா. நன்கு பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது என்று அடித்தேன். எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். வேறென்ன சொல்ல?

அந்தப் பதில் தாளோடு வந்தாய். "நீ அடிச்சதுதான?"

"அடிச்சது மட்டுந்தான் நானு. முடிவு மேல இருந்து வந்ததுப்பா."

"அப்ப அவரு படிச்சாரா?"

"படிச்சாரு" என்றேன்.

"செரி, உடு. படிச்சாருல்ல, போதும்" என்றாய். அதன்பின் சங்ககிரியில் லாரி ஆபீசில் ரசீது எழுதியே உன் காலம் போனது. ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கவர்னருக்கு என்ன அதிகாரம் என்று பத்திரிகையில் இன்றும் சண்டை. நான் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன். அலுத்துவிட்டது. உன் மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவன் நான் ஒருவன்தான்.

"கவர்னரு கடுதாசின்னு அப்பா பொத்திப் பொத்தி வெச்சிருந்தாருங்க. கண்ணாடி போட்டு மாட்டட்டுங்களா மாமா?" என்று உன் மகன் கேட்டான்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"மாட்டு சாமி" என்றேன்.