நான் தெரிந்தெடுத்த ஸ்பிரிங்

என் உயிர் மச்சான் நேசனுக்கு,

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. உனக்கு எழுதவென்று நாலைந்து தரம் உட்கார்ந்து தாளைக் கிழித்தெறிந்துவிட்டேன். உன்னிடம் நான் எதையும் ஒளித்ததில்லை. என் தங்கச்சியிடம்தான், உன் சுகந்தியிடம்தான், ஒன்றை ஒளித்துக்கொண்டு அவள் போட்டுத் தரும் தேத்தண்ணியைத் தினமும் குடிக்கிறேன்.

உன் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். கையெழுத்து உன்னுடையதைப் போலவே கோழி கிண்டினது மாதிரி. உன் ஒஸ்ரின் கார் பண்டத்தரிப்பு வீட்டு வேலியோரம் அசையாமல் நிற்கிறது. சுகந்தி கிழமைக்கொருமுறை அதைக் கழுவுகிறாள். அவள் கழுவும்போது நான் கிணற்றடிப் பக்கம் போய்விடுவேன்.

கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு ஓடக் கார் கொஞ்சம் பதிவாக, நிலத்தோடு தாழ்ந்து நின்றால் வடிவாக இருக்கும், கூறைச் சேலையோடு பொம்பிளை ஏறவும் சுகம் என்று நாம் இரண்டு பேரும் ஆசைப்பட்டது நினைவிருக்கிறதா? கொக்குவிலில் கராச் வைத்திருந்த துரையண்ணை இரண்டு சோடி காட்டினார். ஒன்று கட்டையான, தடித்த கம்பி ஸ்பிரிங். அதற்கேற்ற இறுக்கமான ஷொக் அப்சோபர். சுமை ஏற்றினாலும் இறங்காது, ஆனால் குலுக்கும். மற்றது மெல்லிய கம்பி. பஞ்சு மாதிரிப் போகும், ஆட்கள் கூடினால் இன்னும் நாலு விரல் தாழும்.

நீ தடித்ததைத்தான் தொட்டாய். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று துரையண்ணை கேட்டார். பொம்பிளை மாப்பிளை, தோழன் தோழி, வேறு யார் ஏறப்போகிறார்கள் என்று நான் முந்திக்கொண்டேன். ஒழுங்கை நெடுகச் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, பொம்பிளையின் தலை குலுங்கினால் மரியாதையா என்று உன் வாயை அடைத்தேன். எல்லாம் தெரிந்தவன் என்ற திமிர் எனக்கு. மெல்லியதைப் பூட்ட நீ சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தாய். ஏன்டா விட்டுக்கொடுத்தாய்?

அந்தப் பின்னேரம் வெங்காயத் தோட்டத்தில் ஷெல் விழுந்து உன் வயிற்றைக் கிழித்தபோது, ஊரில் ஓடக்கூடியதாக நின்றது நம் கார் ஒன்றுதான். சுகந்தி உன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். உன் ஐயா ஏறினார், உன் தங்கச்சி ஏறினாள், உன்னைத் தூக்கி வந்த இரண்டு பேரும் ஏறினார்கள். உயிருக்குப் போராடுகிறவனோடு போகாமல் நிற்க நம் சனத்துக்கு மனம் வராது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். படலையைத் தாண்டும்போதே முன்சில்லு மட்காட்டில் உரசும் சத்தம் கேட்டது.

எனக்குத் தெரியும் மச்சான். மூன்று பேராவது இறங்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே தெரியும். உன் ஐயாவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். ஒருவரையும் இறக்காமல் காரை ஓட்டினேன்.

அளவெட்டி தாண்டி றோட்டைக் குறுக்கே வெட்டிக் கல்லுப் போட்டிருந்த இடத்தில் காரின் அடி மோதியது. எஞ்சின் ஒயில் எல்லாம் றோட்டில் ஊற்றுப்பட, கொஞ்சத் தூரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் போன வேறோர் ஊர்ப் பழைய வான் அதே இடத்தைச் சும்மா தாண்டிப் போனதை நான் பார்த்தேன். பிறகு ஒரு ட்ராக்டர் வரும்வரை உன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வாசலில் உன் கை குளிர்ந்துவிட்டது. கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாம் என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார்.

"றோட்டுத்தான் அண்ணை என்ரை மனுசனைக் கொன்றது" என்றாள் சுகந்தி. நான் ஓம் என்றேன்.

அந்த ஒரு ஓமைத்தான் இவ்வளவு நாளும் தின்றுகொண்டிருக்கிறேன். ஷெல் போட்டவனைத் திட்டும்போது என் குரல்தான் எல்லோருடையதையும்விட உரத்துக் கேட்கிறது. பிறகு வெட்கமாக இருக்கிறது. தடித்த ஸ்பிரிங் என்றால் நீ பிழைத்திருப்பாயா? ஒருவேளை அப்போதும் போயிருப்பாயோ? இதற்கு யாரிடம் போய்ப் பதில் கேட்பது?

இன்று காலை அவள் வந்து சொன்னாள்: "அண்ணை, காரைத் திருத்தித் தாங்கோ. ஆஸ்பத்திரிக்கு வருத்தக்காரரை ஏத்தி இறக்கட்டும். என்ரை மனுசனுக்குக் கிடைக்காதது ஆருக்கெண்டாலும் கிடைக்கட்டும்."

எஞ்சினோடு சேர்த்து ஸ்பிரிங்கையும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. துரையண்ணை ஜேர்மனிக்குப் போய்விட்டார். நீயும் இல்லை. அந்த யோசனை எனக்கு வந்தது என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

நாளைக் காலையில், சில்லைக் கழற்றுமுன், அவளைக் காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லுவேன். என் முகத்தில் முழிக்காதே என்றால் முழிக்கமாட்டேன். ஆனால் ஏழு பேர் ஏறினாலும் நிலத்தில் தட்டாதபடி காரை உயர்த்திக் கொடுத்துவிட்டுத்தான் படலையைத் தாண்டுவேன். இது உனக்குத் தரும் வாக்கு.

இன்றிரவு வரைக்கும் சுகந்திக்கு அண்ணன்,
உன் மச்சான்
குமரன்