ஊமத்தையிலை காட்டிய மகள்

1993 கார்த்திகை, வெள்ளி.

கோபம் இன்னும் அடங்கவில்லை. இவருக்குத் தொய்வு, மூச்சிழுப்பு வருத்தம். சண்டைக்கால மருந்துத் தடையால் குளிசை கிடைப்பதில்லை. இழுப்பு வந்தால் காய்ந்த ஊமத்தையிலையைச் சுருட்டிப் புகைப்பது ஊரில் வழக்கம். நேற்று மத்தியானம் தாங்க முடியாமல் இவர் அதை அவித்தே குடித்துவிட்டார்.

சற்று நேரத்தில் கண்மணி விரிந்துபோயிற்று. கிணற்றுக்கட்டைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கதைக்கத் தொடங்கினார். நேவிக்காரன் சுடுகிற கிளாலிக் கடலைத் தாண்டப் போய்த் திரும்பாத எங்கள் மகளோடு!

"இலை மூளையைக் குழப்பிப்போட்டுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்று கத்தினேன். இவருடைய தமக்கை கேட்டால்தானே! "இது பேயடி" என்று பூசாரியைக் கூட்டி வந்தாள். பாவி, வேப்பங்குழையால் முதுகு தடிக்க அடித்தான். இன்று காலை மயக்கம் தானாகத் தெளிந்தது. "பேய் ஓடிட்டுது" என்று சொல்லி எங்கள் சேவலையும் தூக்கிக்கொண்டு போனான். அடி வாங்கிய மனுசன் அவனைக் கும்பிடுகிறார்!

எல்லோரும் போன பிறகு, "பிள்ளை என்ன சொன்னவள்?" என்று கேட்டேன். இலையின் வேலை என்று தெரிந்துதான் கேட்டேன்.

"ஒண்டும் ஞாபகமில்லையப்பா."

விடியவிடிய அவளோடு கதைத்தவர். எனக்கென்று ஒரு சொல்லாவது மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?