கண்ணாடியைத் தூக்கிப் போட்ட அக்கா

மார்ச் 3

என் வாயாடித் தம்பிக்கு,

நலம்தானே? போன் செய்தால் ஸ்டுடியோவில் இருப்பாய். எடுத்தாலும் "அப்புறம் பேசறேன்க்கா" என்பாய். அதனால்தான் கடிதம்.

அச்சகத்தில் நான் புரூஃப் பார்க்கும்போது ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். போன நவம்பரில் ஒருநாள் திடீரென்று, ஒரு கண் சொட்டு மருந்து விளம்பரத்தில் உன் குரல். "தொண்ணூறே நாள்! என் அக்கா கண்ணாடியைத் தூக்கிப் போட்டுட்டாங்க!" மிஷின்காரரிடம் "என் தம்பியாக்கும்" என்று பீற்றிக்கொண்டேன். கண் மங்குகிறதே என்று டாக்டரிடம் போக நாள் குறித்திருந்தேன். அதை விட்டுவிட்டு அந்தச் சொட்டு மருந்தை வாங்கினேன். தொண்ணூறு நாளும் ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஒன்றும் தெளியவில்லை. கம்பெனிக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை.

நேற்று நுகர்வோர் நீதிமன்றத்தில் மனு கொடுத்துவிட்டேன், விளம்பரம் பொய் என்று. வழக்கு கம்பெனி மேல்தான், உன்மேல் இல்லை. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியக்கூடாதே என்று எழுதுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தாளில் இருப்பதைப் படிப்பதுதான் என் வேலை. விளம்பரம் பதிவு செய்த அன்றைக்கே கேட்டேன்: "எங்க அக்கா இன்னும் கண்ணாடி போட்டுட்டுத்தானே சார் இருக்காங்க?" "அக்கா இருக்காங்கல்ல? அப்ப பாதி உண்மைதானே" என்றார் விளம்பரக்காரர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அவர்களிடம் வக்கீல் பட்டாளமே இருக்கிறது. நீ ஒரு வக்கீல்கூட வைக்கவில்லை. 'பலன் ஆளுக்கு ஆள் மாறலாம்' என்று மருந்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்களாம். அந்த ஒரு வரியிலேயே தப்பித்துவிடுவார்கள். எனக்கும் ஸ்டுடியோ வாசல் மூடிவிடும். வாபஸ் வாங்கிவிடேன். பெரிய டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன்.

உன் வாயாடி

மார்ச் 20

தம்பிக்கு,

டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். அதைப் பற்றி அப்புறம்.

வாபஸ் வாங்க மாட்டேன். கோபித்துக்கொள். ஆனால் பேசாமல் இருந்துவிடாதே.

அக்கா

மே 15

அக்காவுக்கு,

உனக்குச் சொல்லாமல் நேற்று நீதிமன்றத்துக்கு வந்திருந்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு நாலு பேர் வந்தாலே சமையலறைக்குள் போய் ஒளிகிறவள் நீ. கம்பெனி வக்கீல் மருந்துப் பெட்டியை ஆட்டி ஆட்டி, "தெளிவா அச்சடிச்சிருக்கோம்மா, படிக்காதது இவங்க தப்பு" என்றதும், உனக்கு நாக்கு எழாது என்றே நினைத்தேன்.

"அந்த வரியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கம்மா" என்றாய், நீதிபதியிடம்.

அவர் பெட்டியைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், ஜன்னலோரம் போனார். தன் ஜூனியரின் பையில் இருந்த கண்ணாடியை வாங்கிப் போட்டார். கடைசியில் நீதிபதி அம்மாவே வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நீ அச்சகத்து அளவுகோலை எடுத்து அந்த எழுத்தின்மேல் வைத்தாய். "இருபத்தெட்டு வருஷமா புரூஃப் பார்க்கறேம்மா. இவ்வளவு பொடி எழுத்தை நான் பார்த்ததில்லை. கண்ணு தெரியாதவங்களுக்கு விக்கற மருந்து இது. அவங்க படிச்சிடக் கூடாதுன்னே அடிச்ச வரி."

இவள் என் அக்காவா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார்கள். எத்தனை இனிப்பு, அந்தக் குரலில்! அது ஓயும்வரை நீ தலை குனிந்திருந்தாய். பிறகு டாக்டர் சீட்டைக் கொடுத்தாய். இடது கண் நரம்பு போய்விட்டது, மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று, ஒரு பக்கத்தில் பிழை காட்டுகிற அதே குரலில் சொன்னாய். எனக்கு நீ எழுதவே இல்லையே அக்கா.

இன்று காலை நீதிமன்ற அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்லாம் தெரிந்தேதான் படிக்க வைத்தார்கள், தெரிந்தேதான் படித்தேன் என்று சாட்சி சொல்லப்போகிறேன். மதியமே ஸ்டுடியோவிலிருந்து போன்: "இனிமே வர வேண்டாம்." சரி என்றேன்.

நேற்று உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நீதிமன்றப் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

தம்பி

ஆகஸ்ட் 27

அன்புத் தம்பிக்கு,

நீ சாட்சி சொன்ன அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் கண் நிறைந்துவிடுகிறது.

தீர்ப்பு உனக்கும் வந்திருக்கும். விளம்பரம் ஓடிய அதே நேரத்தில், அத்தனை நாளும் மறுப்பு ஓட வேண்டும், அதே குரலில் என்று நீதிபதி அம்மா சொன்னபோது வக்கீல்கூட எழுதுவதை நிறுத்திவிட்டார்.

நேற்று முதல் தடவை ஓடியது. மிஷின்காரர் மிஷினை நிறுத்தினார். பைண்டிங் செய்கிறவர்கள் பசைக் கையோடு வந்து நின்றார்கள். "என் அக்கா கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை. நான் சொன்னது பொய்" என்றாய். 'அக்கா' என்னுமிடத்தில் ஒரு நொடி நின்றாய். அப்புறமும் மிஷினைப் போட யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்தவர் பிழையைத் திருத்தியே எனக்கு வயசாகிவிட்டது. ஊரே கேட்கத் தன் பிழையைத் தானே திருத்திய ஒருவனை நான் பார்த்ததில்லை. அவன் என் தம்பி என்று இந்த முறை யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன், அதையாவது காப்பாற்ற. துணைக்கு ஒருவர் வேண்டும் என்கிறார்கள். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். வலது பக்கமாக வா. இடது பக்கம் வந்து நின்றால், நீ வந்ததே எனக்குத் தெரியாது.

உன் அக்கா