சண்டைக்கு ஓர் அறை

மார்ச் 4, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. பதின்வயதுப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய நாவல். சண்டையே கூடாது என்று சட்டம் போட்ட ஒரு நகரம். கோபம் வந்தால் அரசு கட்டிய அறைக்குப் போய், வரிசையில் நின்று, முறை வந்ததும் கத்திவிட்டு வரவேண்டும். படிக்கிறவர்களுக்கு வயிறு கலங்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "ஒரே மூச்சுல முடிச்சிட்டேன் மேடம். என்ன அருமையான ஊரு! நாமும் இப்படி இருந்தா எவ்ளோ நிம்மதி!"

"சார், அது மோசமான ஊரு. கடைசியில அந்தப் பொண்ணு அறையையே கொளுத்திடுறா."

"அந்த இடம்தான் கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமா இருந்தது."

மார்ச் 9

சங்கக் கூட்டம். பழைய ஜெனரேட்டர் கிடந்த அறையைச் சண்டை அறை ஆக்குகிறார்களாம். யோசனை என்னுடையது என்று பூங்கொத்து வேறு. எழுந்து, "இது அநியாயம்" என்றேன். "அறை தயாரானதும் அங்க வந்து சொல்லுங்க மேடம்" என்றார் செயலாளர். கைதட்டல்.

மார்ச் 16

அறை திறந்தாயிற்று. மூன்றாம் மாடித் தம்பதி ஆளுக்கொரு ஸ்டூலோடு வந்து வரிசையில் உட்காருகிறார்கள். நானும் கணவரும் போனோம். அவர் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்காக. முறை வந்தபோது, "என்ன விஷயமா வந்தோம்?" என்றார் கணவர். எனக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

"நல்லாத்தானே இருக்கு" என்கிறார். என் கதையில் அந்த அறைக்கு முதலில் அடிமையாகிறவனும் இதைத்தான் சொல்வான்.

மார்ச் 18

மகள் என்னோடு சண்டையே போடுவதில்லை. எதற்கும் "சரிம்மா". பயமாக இருக்கிறது.

மார்ச் 21

பொறுக்க முடியவில்லை. மாடிப்படியில் நின்று, "நீங்கல்லாம் மனுஷங்கதானா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கதவுகள் திறந்தன. நாவலிலிருந்து வாசிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்! "எட்டாம் அத்தியாயம்..." என்று செயலாளர் கண்கலங்கினார். யாரோ இன்னொரு தடவை கேட்டார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

மார்ச் 23

மகள் சண்டை அறை வரிசையில் தன் பெயரைப் பதிந்திருந்தாள். எதிராளி நான். உள்ளே போனதும் தாழ் போட்டாள்.

"உன் புக்கப் படிச்சேன். அந்தப் பொண்ணு நான்தானே? நகம் கடிக்கிறா, கணக்குல கோட்டை விடுறா."

"ஆமா."

"அப்ப அவங்கம்மா நீதானே. ஏன் முதல் பக்கத்துலயே செத்துப்போற?"

இந்த மாதிரிக் கதைகளில் அம்மா சாகத்தான் வேண்டும், அம்மா இருந்தால் பெண் வீட்டைவிட்டு எப்படிக் கிளம்புவாள் என்று ஏதோ உளறினேன்.

"கிளம்பலன்னா என்ன இப்போ? ஊரக் காப்பாத்தவா என்னைப் பெத்த?"

அழுதாள். நானும்தான். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள், நேரம் முடிந்ததாம். எங்க முடிஞ்சது? இப்பத்தானே ஆரம்பிச்சோம்!

மார்ச் 24

விட்ட இடத்திலிருந்து வீட்டில் தொடர்கிறது. இரண்டாம் பாகத்தில் அம்மாவைப் பிழைக்க வைக்க வேண்டுமாம். முதல் பக்கத்திலேயே சுடுகாட்டில் எரித்தாயிற்றே என்றேன்.

"எரிஞ்சது வேற ஆளுன்னு எழுது."

"எல்லாரும் சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டுமே!"

அழைப்புமணி. செயலாளர். "சத்தம் கேட்டுது... கீழ அறை காலியாத்தான் இருக்கு."

"அம்மாவும் நானும் பேசிட்டிருக்கோம் அங்கிள்" என்று கதவைப் படீரென்று சாத்தினாள் மகள். பிறகு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டாள்.

"ம், சொல்லு."