ஏழாம் படுக்கைக்காரரின் மகள்

மார்ச் 3
இடுப்பெலும்பு அறுவை முடிந்து அப்பா பொது வார்டுக்கு வந்துவிட்டார். ஏழாம் படுக்கை. பத்து நோயாளிகள், போகவர ஐம்பது பேர். யாரை நம்புவது? அப்பாவின் கண்ணாடியையும் காது மெஷினையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் பூட்டிவிட்டேன். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தே எனக்கு ஊரெல்லாம் திருடர்களாகத் தெரிவதாகத் தம்பி கேலி செய்தான். செய்யட்டும். பதினெட்டு வருஷ அனுபவம். டிக்கெட் எடுக்காதவன்தான் என்னைப் பார்த்து முதலில் சிரிப்பான்.

மார்ச் 5
அப்பா என் கையை இழுத்துக் காதருகே சொன்னார்: "அந்த உசரமான நர்ஸ் ஊசியில என்னமோ கலக்குறா. நீ போனதும் என்னை வேற வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுறாங்க."

நிலம் அளந்த மனிதர். ஓர் அங்குலம் கூட்டிச் சொல்லத் தெரியாதவர். அவர் ஏன் பொய் சொல்லப் போகிறார்? அவள் என்னைப் பார்த்த பார்வையும் சரியில்லை.

மார்ச் 6
அந்த நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, அப்பாவுக்குக் கண்ணாடி, காது மெஷின் ஏதாவது உண்டா என்று விசாரித்தாள். இவளுக்கு எதற்கு அது? இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பகலில் அப்பா ஓரளவு தெளிவாகத்தான் இருக்கிறார். ஆறு மணிக்கு மேல்தான் எல்லாம். கையில் ஏறும் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். தம்பியைப் பார்த்து "யாருப்பா நீ?" என்றார். அவன் வராந்தாவுக்குப் போய் அழுதான். மாலை வேளை யாருடையது? அவளுடையது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மார்ச் 7
கண்காணிப்பாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம். அவள் அப்பாவுக்கு என்னவோ மருந்து கலந்து கொடுக்கிறாள், நானே பார்த்தேன் என்று பச்சையாகவே எழுதிவிட்டேன்.

மார்ச் 8
இன்று அவளுக்கு விடுப்பு. அப்பாவிடம் ஒரு சத்தமும் இல்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, மறுபடி மூடிக்கொள்கிறார். பார்த்தாயா என்று தம்பியிடம் சொன்னேன். ஐந்து நாளில் இன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 9
எப்படி எழுதுவேன்.

அவள் வந்தாள். அப்பாவை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். சனிக்கு முன்னால் என்ன என்றே அப்பாவுக்குத் தெரியவில்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். சிறுநீர் இறங்காமல் கட்டிக்கொண்டு, அதில் கிருமியும் சேர்ந்திருக்கிறதாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். ராத்திரிக்குக் கொடுத்துவந்த தூக்க மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்.

அப்பாவுக்குப் பைத்தியமா என்று அவளிடம் கேட்டேன். என் வாயால்தான் கேட்டேன்.

"இல்லைங்க. உடம்புக்கு முடியாதப்ப வயசானவங்களுக்கு மூளை திடீர்னு தடுமாறும். காரணத்தைச் சரி பண்ணினா பெரும்பாலும் தெளிஞ்சிடும். கத்துறவங்களை எல்லாரும் கவனிப்பாங்க. சத்தமில்லாம கிடக்குறவங்களைத்தான் விட்டுடுவோம்," என்றாள். பிறகு மெதுவாக, "கண்ணும் தெரியாம, காதும் கேக்காம, முன்னபின்ன தெரியாதவ வந்து ஊசி குத்தினா நீங்களும்தான் சந்தேகப்படுவீங்க."

கண்ணும் தெரிந்து, காதும் கேட்டு, நான் சந்தேகப்பட்டேனே!

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். பீரோவைத் திறந்து கண்ணாடியையும் காது மெஷினையும் எடுத்தேன்.

மார்ச் 10
கண்ணாடி போட்டாயிற்று. காது மெஷினும். எதிர்ச் சுவரில் கடிகாரம். ஜன்னல் திரையை விலக்கி வைத்து, இன்ன நாள், இன்ன இடம், நான் உங்கள் மகள் என்று அடிக்கடி சொல்லச் சொன்னார் நர்ஸ். இல்லாததைப் பார்த்தாலும் வாதாட வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும் என்றார். புகாரைப் பற்றி அவருக்குத் தெரியுமா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 11
தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

மார்ச் 13
அப்பா முழுசாக அப்பாவாகிவிட்டார். கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணை என்னென்னவோ சொன்னேனாமே. வெக்கமா இருக்கும்மா. நீ நம்பியிருக்க மாட்டேல்ல?" என்றார்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

நர்ஸை இரண்டு நாளாக வார்டில் காணோம்.

மார்ச் 14
விசாரணை முடியும்வரை அவரைத் துணிக் கிடங்கில் போர்வை எண்ண விட்டிருக்கிறார்களாம். நான் எழுதிய ஒரு பக்கத்தால்.

புகாரைத் திரும்பப் பெற ஒரு படிவம் கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில், "நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன்" என்று எழுதினேன். எழுத்தர் படித்துவிட்டு, தவறான புரிதல் என்று போட்டால் போதுமே என்றார். இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 16
மாலை வேளைக்கு அவர் வந்துவிட்டார். அப்பா பார்த்ததும் கும்பிட்டார். அவர் சிரித்துக்கொண்டே என்ன கிழமை என்று கேட்டார். அப்பா கிழமையோடு தேதியையும் சேர்த்துச் சொன்னார்.

மன்னிப்புக் கேட்க எழுந்து நின்றேன். அதற்குள் அவர் மாத்திரை அட்டையை என் முன்னால் பிடித்து, பெயரை உரக்கப் படித்தார். எதற்கான மருந்து, எவ்வளவு என்று சொன்னார். என் கையில் கொடுத்து, "நீங்களும் ஒரு தடவை பாத்துக்குங்க," என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வேறென்ன செய்ய?

பிறகு எட்டாம் படுக்கைக்குப் போனார். அங்கே அட்டையைக் காட்டாமல், பெயரைப் படிக்காமல் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பெரியவரின் மகளோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.