கிரேன்காரி நேவியா

ரியெக்கா, 12 அக்டோபர் 1980

அன்புள்ள பெர்த்தோ,

உன் பெண்டாட்டி இன்று துறைமுகம் முழுக்கப் பிரபலம். சிரிக்காமல் படி.

நான் சின்ன கிரேனில் ஏறி மூன்று மாதம் ஆகிறதல்லவா, இன்று காப்பிக் கப்பல். கடைகளில் காப்பியைக் கண்ணால் பார்த்தே வெகுநாள் ஆயிற்று. மூட்டைகளைத் தூக்கிக் கரைக்கு மேல் கொண்டுவந்தேன், சுமை ஆட ஆரம்பித்தது. பதறிப்போய்ச் சட்டென்று நிறுத்தினேன். அது இன்னும் வேகமாக ஆடி, கிடங்குச் சுவரில் மோதி, மூட்டை கிழிந்து கரையெங்கும் காப்பிக்கொட்டை.

கிரேன் கூண்டிலேயே உட்கார்ந்து அழுதேன். கீழே பார்த்தால் சுமைக்காரர்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடுகிறார்கள், அள்ளுவதற்கு! அவர்கள் தலைவன் மிலேயைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, "பொம்பள கிரேன் ஓட்டுனா நான் கப்பல்ல இறங்கமாட்டேன்"னு குதித்தவன். அவன் அண்ணாந்து பார்த்துக் கத்துகிறான்: "அழாத நேவியா! நாளைக்கும் ஒண்ணு போடு!"

அவர்கள் வீட்டில் எல்லாம் இன்று காப்பி மணக்கும். எனக்குத்தான் என்மேல் ஆத்திரம் தீரவில்லை. இனி வேலை முடிந்ததும் வெறும் கொக்கியை ஆட்டி ஆட்டிப் பழகப் போகிறேன்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்.

உன் நேவியா


ஷ்டுட்கார்ட், 2 நவம்பர் 1980

காப்பி கொட்டிய என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைத் தொழிற்சாலை விடுதி அறையில் சத்தமாகப் படித்தேன். என்கூட இருக்கிற போஸ்னியாக்காரன் ஃபாடில் கட்டிலிலிருந்து விழுந்து சிரித்தான். "உன் வீட்டுக்காரிய இங்க கூட்டிட்டு வா, தங்கக் கடைக்கு மேல கிரேன் வைப்போம்" என்கிறான்.

விளையாட்டு போகட்டும். இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உனக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருக்கிறேன். ஈஸ்டர் வரை காத்திருப்பார்கள். தம்பதிகளுக்குத் தனி அறை தருவார்கள், ஜன்னலோடு. ஆறு வருஷமாகக் கடிதத்தோடு குடும்பம் நடத்துகிறேன், நேவியா. போதும், வா.

உன் பெர்த்தோ

(காலுறை ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டையும் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.)


ரியெக்கா, 15 பிப்ரவரி 1981

அன்பே,

பதில் எழுதத் தாமதித்ததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆட்டத்தை அடக்கக் கற்றுவிட்டேன்! சுமை ஆடினால் நிறுத்தக் கூடாது. அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கிரேனையும் கொண்டுபோய், அதன் தலைக்கு நேர்மேலே பிடிக்க வேண்டும். அப்படியே அடங்கிவிடுகிறது. யாரும் சொல்லித் தரவில்லை. இருட்டும் வரை ஆட்டிப் பார்த்து, கை தானாகக் கண்டுபிடித்தது.

இப்போது மிலே காலையில் அலுவலகத்துக்குப் போய், "நேவியா மேல இருந்தா நாங்க இறங்குறோம்" என்று பெயர் சொல்லிக் கேட்கிறான். கூடவே என்னிடம், "நீ வேலை கத்துக்கிட்டது எங்க வயித்துல அடிச்ச மாதிரி. ஒரு கொட்டை விழமாட்டேங்குது" என்று குறை வேறு!

மார்ச் கடைசியில் பெரிய கிரேனுக்கான பரீட்சை. முதல் வகுப்புச் சான்றிதழ். இந்தத் துறைமுகத்தில் பெண்கள் யாரும் வாங்கியதில்லை. அதுவரை சலவைக்கூடத்தைப் பற்றிக் கேட்காதே, ப்ளீஸ்.

நேவியா


ஷ்டுட்கார்ட், 1 மார்ச் 1981

நேவியா,

ஈஸ்டர் ஏப்ரலில் வருகிறது. அவர்கள் கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?

பெர்த்தோ


ரியெக்கா, 29 மார்ச் 1981

என் பெர்த்தோ,

இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதியதே இல்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்றுப் பரீட்சை. கப்பலின் அடித்தட்டிலிருந்து ஒரு பெரிய இயந்திரத்தைத் தூக்க வேண்டும். கீழே மிலேயும் அவன் ஆட்களும். கரையில் பொறியாளர் கடிகாரத்தோடு. சங்கிலி இறுகியது, தூக்கப் போகிறேன், அப்போது மலை உச்சியில் மேகம் தொப்பி போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து சுமையையே சுழற்றிவிடுமே, அந்தப் புரா காற்று இறங்கும் என்று தோன்றியது. கொக்கியைத் தளர்த்திவிட்டு, "வேண்டாம், மேலே வாங்க" என்று கைகாட்டினேன்.

பெர்த்தோ, ஒருத்தனும் ஏன் என்று கேட்கவில்லை. ஏணியேறி வெளியே வந்து, கரையில் உட்கார்ந்து ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் தின்ன ஆரம்பித்தார்கள்.

காத்திருந்தோம். காற்று வரவே இல்லை! மேகமும் கலைந்துவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். மிலே வாயைத் துடைத்துக்கொண்டு, "வரலைன்னா வரலை. இறங்கட்டுமா?" என்றான். அவ்வளவுதான். பிறகு தூக்கினேன். 'வேகம் போதாது' என்று எழுதித்தான் பொறியாளர் கையெழுத்துப் போட்டார். ஆனால் போட்டுவிட்டார்.

சலவைக்கூடத்துக்கு நான் வரவில்லை. உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை. கட்டிலில் நீ படுக்கிற பக்கத்தில் இன்னும் நான் படுப்பதில்லை. ஆனால் இத்தனை பேர் என் கையை நம்பிக் கீழே நிற்கிறார்கள். அதை விட்டுவிட்டு அங்கே வந்து துணி மடித்தால், உன் அறைக்குள் வருகிறவள் உனக்குப் பிடித்த நேவியாவாக இருக்கமாட்டாள்.

கோபமாக இருந்தாலும் எழுது.

நேவியா


ஷ்டுட்கார்ட், 9 ஏப்ரல் 1981

முதல் வகுப்பு கிரேன்காரிக்கு,

சலவைக்கூடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஃபாடிலும் நானும் உன் பெயரில் ஒரு புட்டி காலி செய்தோம். பெருமையில் அழுதேன் என்று அவன் சொல்கிறான், நம்பாதே. கொஞ்சம் நம்பு.

கோபம் இல்லை. பொறாமை உண்டு. ஆறு வருஷமாக ஒரே இடத்தில் நின்று ஒரே பல்சக்கரத்தை மாட்டுகிறேன். முதல் வாரத்தில் கற்றுக்கொண்டதற்கு மேல் ஒன்றும் கற்கவில்லை. நான் 'வேண்டாம்' என்றால் இங்கே யாரும் கையை நிறுத்தமாட்டார்கள். எனக்கும் ஏதாவது ஒன்றில் கை தேற வேண்டும் போல இருக்கிறது. முப்பத்தெட்டு வயதில், அரிச்சுவடியிலிருந்து.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதங்களையெல்லாம் திரும்பப் படித்தேன். நான் ஒவ்வொன்றிலும் 'வா, வா' என்று எழுதியிருக்கிறேன். நீ காலுறை அனுப்பியிருக்கிறாய், ஜாம் அனுப்பியிருக்கிறாய், 'பத்திரமாக இரு' என்று எழுதியிருக்கிறாய். என்னைத் திரும்பி வரச்சொல்லி ஒருமுறைகூட எழுதவில்லை. ஏன், நேவியா? நான் வேண்டாமா?

உன் பெர்த்தோ


ரியெக்கா, 14 ஏப்ரல் 1981

பெர்த்தோ,

கேட்டால் உடனே கிளம்பிவிடுவாய். பிறகு எனக்காக எல்லாவற்றையும் விட்டதாக ஒருநாள் நினைத்துவிடுவாயோ என்று பயம். அதனால்தான் எழுதவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் எழுதி, ஒவ்வொரு கடிதத்தையும் கிழித்து, வேறு எழுதி அனுப்பினேன்.

இதைக் கிழிக்கவில்லை.

வா.

நேவியா